பந்தைத் தொடாத கோல்

கண்ணைப் பறித்தது சாராயம். கருங்காலிக் கட்டை இல்லை. இதை முதலில் ஒத்துக்கொண்டுவிட்டு மற்றதைப் பேசட்டும் கள்ளக்குறிச்சி கருணாபுரத்துச் சனங்கள். பூசையில் வைத்த கோலைத் திரும்ப எடுத்துத் தொழில் பண்ணாமல் விட்டான், அதனால்தான் அறிவுச்செல்வனுக்குப் பார்வை போனது என்று குழாயடியில் ஒருத்தி சொல்ல, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே இன்னொருத்தி ஆமாம் போடுகிறாள். ஆமாம் போடுகிறவளின் கொழுந்தனும் அதே ஆனி மாதம்தான் போனான். அவன் எந்தக் கோலைப் பூசையில் வைத்தான்? அவனைத் தூக்கிக்கொண்டு போனது எதுவோ, அதுதான் இவன் கண்ணையும் கொண்டுபோனது.

இன்னொரு பேச்சு, அவன் மொடாக்குடியன் என்பது. மொடாக்குடியன் எப்படி இருப்பான் என்று இந்தத் தெருவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அறிவுச்செல்வன் சாக்கடை ஓரத்தில் விழுந்து கிடந்து எவராவது பார்த்ததுண்டா? பெண்டாட்டி தங்கமணி மேல் கை வைத்ததுண்டா? மகள் சந்தியா படிக்கிற புத்தகத்தைத் தூக்கி எறிந்ததுண்டா? இல்லை. இல்லை என்றால் இல்லைதான்.

எல்லாவற்றிலும் வயிற்றெரிச்சலான பேச்சு, கண் போனவனைத் தங்கமணி துரத்திவிட்டாள் என்பது. திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையில் குந்திக் கையேந்துகிறானாம். பார்த்தது யார் என்று கேட்டால் அவர் சொன்னார், இவர் சொன்னார். பெங்களூரிலிருந்து பாவாடை போன் போட்டது மட்டும் உண்மை. அவனும் அறிவுச்செல்வனும் ஒரே கிளப்பில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். கிளம்பி வருகிறேன் என்று சொன்னவன் இன்னும் வந்து சேரவில்லையே என்று பாவாடை கேட்டான். தங்கமணி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிட வேண்டும். தெரிந்தது என்னவோ அதைக் கேட்க வேண்டும்.

தெருவில் அவனுக்கு மார்க்கர் என்றுதான் பேர். மீசை முளைக்காத வயதில் ஒரு மேஸ்திரியோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன். கட்டி முடித்தது பணக்காரர்கள் கூடுகிற ஒரு கிளப். கூடப் போனவர்கள் அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டார்கள், இவன் போகவில்லை. உள்ளே ஒரு மேசையைப் பார்த்துவிட்டான். கட்டில் மாதிரி பெரிய மேசை. மேலே பச்சைத் துணி இழுத்துக் கட்டியிருக்கும். ஓரத்தில் ஆறு பொந்து. நீளக் கோலால் வெள்ளைப் பந்தைத் தட்ட வேண்டும், அது போய்க் கலர்ப் பந்தை இடித்துப் பொந்தில் தள்ள வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். அந்த அவ்வளவுதானில் மனுசன் மாட்டிக்கொண்டான். கூட்டிப் பெருக்குகிற வேலை கேட்டு அங்கேயே ஒட்டிக்கொண்டவன், சில வருஷத்தில் மார்க்கர் ஆனான்.

மார்க்கர் என்றால் அந்த மேசைக்கு எல்லாமும் அவன்தான். துணியைத் துலக்கி இஸ்திரி போடுவான். பந்தைத் துடைப்பான். பாயிண்டு சொல்வான். கோலின் நுனியில் பொத்தான் அளவுக்கு ஒரு தோல் ஒட்டியிருக்கும். அது தேய்ந்துபோனால் எடுத்துவிட்டுப் புதுத்தோல் ஒட்டிச் சீவுவான். ஜோடி இல்லாமல் ஒரு மெம்பர் தனியாக வந்தால் அவரோடு ஆடவும் வேண்டும். ஆடலாம், ஜெயிக்கக் கூடாது. எங்கேயும் எழுதிப்போட்ட சட்டம் இல்லை அது. ஜெயித்த மார்க்கர் ஒருவனை மறுநாளே வாசல் காவலுக்கு மாற்றிவிட்டதை அறிவுச்செல்வன் பார்த்திருக்கிறான்.

தோற்பதிலும் வேலை இருக்கிறது. வேண்டுமென்றே தோற்றது போலத் தெரியக் கூடாது. பந்து பொந்து வாய் வரைக்கும் போய், விழுவேனா மாட்டேனா என்று யோசித்து நிற்க வேண்டும். எதிரில் இருப்பவர் அடடா என்று இவனுக்காக வருத்தப்பட வேண்டும். அந்த வேலையை இவன் அத்தனை பக்குவமாகச் செய்தான். பத்தாண்டுக்கு மேல் ஒரு ஆளையும் ஜெயிக்காதவன் அந்தக் கிளப்பிலேயே பெரிய ஆட்டக்காரன் என்று தெரிந்துகொண்டவர் ஒரே ஒருவர்தான். காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு பெரியவர். அவர் வீட்டில் கண்ணாடி பீரோ நிறையக் கையால் செய்த கோல்கள். சிலதை ஆட எடுப்பார், சிலதைப் பார்ப்பதற்கென்றே வைத்திருப்பார். மரத்தைப் பார்த்து, கைக்கு அளவெடுத்து, மாதக்கணக்கில் செய்கிற கோல்கள் அவை. விலையைச் சொன்னால் இங்கே இருக்கிறவர்கள் சிரிப்பார்கள்.

ஒருநாள் அவர் ஆட்டம் முடிந்ததும் நாடாவை எடுத்து அறிவுச்செல்வனின் கையை அளந்தார். தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும், உள்ளங்கை அகலம், குனிந்தால் மோவாய் எங்கே வருகிறது என்பது வரைக்கும். சட்டை தைக்கப் போகிறார் என்றே இவன் நினைத்தான். மழைக்காலம் போய் வெயில் வந்த பிறகு வெளிநாட்டிலிருந்து ஒரு நீளப் பெட்டி வந்தது. இரண்டு துண்டாகத் திருகு வைத்த கோல். மேல் துண்டு பால் வெள்ளை மரம். கைபிடிக்கிற துண்டு கருங்காலி. அந்தக் கறுப்புக்குள் வெள்ளையாக ஓர் எழுத்தை வெட்டிப் பதித்திருந்தார்கள்: அ. தமிழ் எழுத்தே தெரியாத ஒரு கைவேலைக்காரன் அதைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கியிருந்தான்.

அதை வாங்கிக்கொண்ட அன்றைக்கே ஆடலாம் வா என்று பெரியவர் கூப்பிட்டார். அறிவுச்செல்வன் புதுக்கோலை உறையில் போட்டுவிட்டு கிளப் கோலைத்தான் எடுத்தான். எடுத்து, வழக்கம்போலத் தோற்றான். பெரியவர் காரணம் கேட்கவில்லை. கேட்காமலே அவருக்குப் புரிந்ததோ, வருத்தம்தானோ, அடுத்த வருஷம் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

தங்கமணி களமருதூர்க்காரி. நடவுக்கும் அறுப்புக்கும் போய் வயிறு கழுவிய வீட்டுப் பெண். கல்யாணமாகிக் கருணாபுரம் வந்தவளுக்குப் புருஷன் என்பவன் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பஸ் தூசியோடு வந்து இறங்குகிற ஆள். அவனோடு முழுசாகக் குடும்பம் நடத்தியதே அவன் கையில் நடுக்கம் வந்து, கிளப்பில் போதும் என்று சொல்லி அனுப்பிய பிறகுதான். அவன் அப்பனுக்கும் அதே நடுக்கம். டீ கிளாசைப் பிடித்தால் பாதி தரைக்குப் போகும். மூட்டை தூக்க நடுக்கம் ஒன்றும் செய்யாது. அறிவுச்செல்வன் நெல் மண்டியில் லோடுமேனாகச் சேர்ந்தான். நெல் மூட்டையைச் சுமந்த அதே முதுகோடு வீட்டுக்கு வந்து, ஆணியில் மாட்டியிருக்கிற நீளக் கறுப்பு உறையைத் திறப்பான். இரண்டு துண்டையும் திருகிச் சேர்ப்பான். மெல்லிய துணியால் ஒருதரம் உருவி விடுவான். திரும்பக் கழற்றி உள்ளே வைப்பான். தினமும் இல்லை, நினைத்தபோது. தங்கமணி அடுப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் அவன் முகத்தில் வருகிற அமைதி வேறெதற்கும் வராது. அதனால் கேட்காமல் இருந்தாள்.

கேட்டவள் பக்கத்து வீட்டு ஆயம்மாள். அது என்னடா மாட்டி வைத்திருக்கிறாய் என்றாள். கிளப்பில் சொல்கிற பேரையே சொல்லி, கியூ என்றான் இவன். "கியூவா? காலைல ரேஷன் கடையில அதுலதான் நின்னு கால் வீங்கிப்போச்சு. அத எதுக்குடா சுவத்துல மாட்டினு இருக்க?" என்று அவள் கேட்டதில் தெருவே சிரித்தது, இவனும் சிரித்தான். சிரிப்போடு விட்டிருக்கலாம். என்ன மரம் என்று ஆயம்மாள் அடுத்துக் கேட்க, கருங்காலி என்று வாய்தவறிச் சொல்லிவிட்டான். போச்சு.

ஊரெல்லாம் கருங்காலி மாலையும் கருங்காலிக் காப்புமாகத் திரிந்த சமயம் அது. பஸ் கண்டக்டர் கழுத்தில் கருங்காலி, பிரியாணிக் கடைக்காரன் மணிக்கட்டில் கருங்காலி. கெட்டது அண்டாது, திருஷ்டி போகும், கோர்ட்டுக் கேஸ் ஜெயிக்கும். மணி மணியாக வாங்கிப் போடுகிறவர்களுக்கு நடுவில் முழுக்கட்டையே இருக்கிற வீடு என்றால் விடுவார்களா? பிள்ளைத்தாய்ச்சிகள் வந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். காலேஜுக்குப் போகிற மகனுக்கு ஒரு மணி உருட்டிக்கொள்ளலாம், அடியில் கொஞ்சூண்டு அறுத்துக் கொடு என்று கேட்டுக்கூட ஒருத்தி வந்தாள். ஆட்டக்காரன் கையில் இருக்க வேண்டிய பண்டம், கும்பிடுகிற பண்டமாகிவிட்டது. அதில் அவன் ஒருவிதத்தில் நிம்மதியாகவும் இருந்தான் என்று தங்கமணிக்குப் பிறகு தோன்றியது. கும்பிடுகிற பொருளை வைத்து ஏன் ஆடவில்லை என்று எவரும் கேட்க மாட்டார்கள் அல்லவா.

ஆயுதபூசை வந்தது. தங்கமணி தன் கரும்பு வெட்டுகிற கத்தியையும் சந்தியாவின் புத்தகத்தையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். அறிவுச்செல்வன் மண்டியில் நடக்கிற பூசைக்குப் போயிருந்தான். ஆயம்மாள் உள்ளே வந்து, தொழில் சாமானை ஆணியில் விட்டுவிட்டு என்ன படையல் போடுகிறாய் என்று கேட்டு, உறையை அவளே இறக்கிவிட்டாள். அவள் நினைத்தது நல்லதைத்தான். சந்தனத்தைக் குழைத்து மூன்று இடத்தில் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தாள். கருங்காலியில் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளை மரத்தில் குங்குமம் ஊறிப்போனது. அறிவுச்செல்வன் வந்து பார்த்தான். ஈரத்துணியைக் கையில் எடுத்த தங்கமணியிடம், "தண்ணி படக்கூடாது, வுடு" என்று சொன்னதோடு சரி.

பூசையில் வைத்ததை மறுநாள் எடுத்துப் பேருக்காவது தொழில் பண்ண வேண்டும். கத்தி என்றால் ஒரு பிடி புல் அறுக்க வேண்டும். தையல் மெஷின் என்றால் ஒரு சாண் தைக்க வேண்டும். பிள்ளைகள்கூட ஒரு வரி படிப்பார்கள். தங்கமணி கத்தியை எடுத்து வேலியில் ஒரு கிளையை வெட்டிப் போட்டாள். அறிவுச்செல்வன் கோலை எடுத்தான், உறையில் வைத்தான், மாட்டினான். ஆயம்மாள் வாசலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படச்சிட்டு எட்த்து வேல செய்யாம வெக்கிறது இன்னாது தெரியுமாடா? செத்தவன் சாமான். அதத்தான் படச்சி அப்டியே எட்த்து வெப்பாங்க."

அந்தச் சொல் தங்கமணியின் நெஞ்சில் முள்ளாக ஏறிவிட்டது. உயிரோடு ஒரு மனுசன் நடுவீட்டில் நடமாடும்போது, அவன் சாமான் செத்தவன் சாமானாக ஆணியில் தொங்குகிறது. அது வரைக்கும் கேட்காதவள் அன்றைக்குக் கேட்டாள்.

"ஏன்யா அதுல ஆடவே மாட்டன்ற?"

அவன் கிளப் கதையைச் சொன்னான், தோற்கிற வேலையைச் சொன்னான். "மத்தது எல்லாம் அவுங்க கோலு. அதுல தோத்தேன். இது ஒண்ணுதான் என்து. இதுல தோக்கறதில்லன்னு வச்சிக்கினேன்."

"இப்பதான் கிளப்பு இல்லயே. யார் தோக்கச் சொல்றது?"

அவன் வலது கையை அவள் முன்னால் நீட்டினான். காற்றில் இலை ஆடுவது போல விரல் ஆடியது. "இப்ப நெசமாவே தோத்துடுவேன்மே" என்றான்.

அன்றோடு தங்கமணி விட்டிருந்தால் எல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒருநாளாவது அப்படி ஒரு ஆளோடு வாழ்ந்து பார்க்கட்டும். அவள் ஆசைப்பட்டது கோலுக்காக இல்லை. வீட்டுக்குள்ளேயே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு மனுசனை இறக்கிவிடப் பார்த்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மொபைல் கடை மாடியில் சிவசங்கர் என்ற பையன் பூல் டேபிள் என்கிற அந்த மாதிரி மேசை இரண்டு போட்டு ஒரு சென்டர் திறந்தான். மார்க்கர் ஒருவர் உள்ளூரிலேயே இருக்கிறார் என்று கேள்விப்பட்டு வந்து, துணி இழுத்துக் கட்டவும் தோல் ஒட்டவும் கூப்பிட்டுப்போனான். உறையைத் திறந்து அந்தக் கோலைப் பார்த்த அன்று பையன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். ஆனி மாதம் சேலத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் ஆட்டக்காரர்கள் வருகிறார்கள், நம்ம ஊர் சார்பாக நீங்கள் ஒரு ஆட்டம் ஆட வேண்டும் என்று வீட்டுக்கு நடையாக நடந்தான். அறிவுச்செல்வன் மாட்டேன் என்று சொல்லவில்லை, பார்க்கலாம் என்றான். பார்க்கலாம் என்று அவன் சொன்னால் மாட்டேன் என்று அர்த்தம். அது தங்கமணிக்குத் தெரியும்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "ஒருத்தர் உன் கைய அளந்து செஞ்சி குட்த்தாரு. சுவத்துல மாட்டி வெக்கறதுக்கா குட்த்தாரு? தோத்தா தோத்துட்டுப் போ. நாளைக்கு அத எட்த்துக்கினு போற. இல்லன்னா நான் அத அடுப்புல வெப்பேன்."

வைக்க மாட்டாள். வைக்கிறவள் இல்லை என்று அவனுக்கும் தெரியும். ஆனாலும் சோற்றைப் பிசைந்துகொண்டே, சரி என்றான். அந்தச் சரியில் வேறு அர்த்தம் இல்லை. தங்கமணி எழுந்து போய் முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வெளியே போய்விட்டு வந்தான். டீ கேட்டான். அவள் வழக்கம்போலப் பாதி கிளாஸ்தான் ஊற்றினாள். வாங்கிக் குடித்தான். ஒரு சொட்டு சிந்தவில்லை. அவள் கையைப் பார்த்தாள். கல்லில் செய்தது போல நின்றது.

"இன்னாய்யா, கை நிக்குது?"

"நிக்குது" என்றான் அவன். கோலைத் திருகிச் சேர்த்து, இடது கையைப் பாய்மேல் ஊன்றி, விரலுக்கு நடுவே வெள்ளை மரத்தை ஓடவிட்டுக் காட்டினான். முன்னால் போய்ப் பின்னால் வந்தது, ஒரு நடுக்கமில்லை. சந்தியா புத்தகத்தை வைத்துவிட்டு வாயைப் பிளந்து பார்த்தாள். தங்கமணிக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. அவன் வாயில் வாடை வந்ததை அவள் அறியாமல் இல்லை. கை நின்ற சந்தோஷத்தில் அது மூக்கோடு நின்றுவிட்டது. கொஞ்சம் ஊற்றிக்கொண்டால் அந்த நடுக்கம் அடங்கும். எல்லா நாளும் அடங்கும். அன்றைக்குச் சாராயப் பாக்கெட்டில் இருந்தது வேறு, விஷம்.

விடிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "இன்னாமே இவ்ளோ வெள்ளையா இருக்குது, பனியா?" என்று கேட்டான். ஆனி மாதத்தில் கள்ளக்குறிச்சியில் என்ன பனி? அவள் வெளியே ஓடி வந்து ஆட்டோ என்று கத்தினாள். கத்தியது அவள் மட்டும் இல்லை. எதிர்வீட்டிலும் கத்தினார்கள், கோடி வீட்டிலும் கத்தினார்கள். தெருவுக்குள் ஆம்புலன்ஸ் வந்த கதையும், சாவு வீடுகளில் பந்தலுக்கு மேல் பந்தல் போட்ட கதையும் இங்கே இருக்கிற எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அறிவுச்செல்வன் உயிரோடு திரும்பினான். திரும்பியவன் பால் கொட்டியது போல இருந்த ஒரு வெள்ளைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான். நாள் போகப் போக அந்த வெள்ளையும் இருண்டது.

தங்கமணி கச்சிராயபாளையம் பக்கம் டவுன் பஸ்ஸில் கரும்பு வெட்டப் போனாள். போவதற்கு முன்னால் அவனைக் கைபிடித்துக் கொல்லைக்குக் கூட்டிப்போவாள், சோற்றைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைப்பாள். யாரோ தொண்டு செய்கிறவர்கள் மடக்குகிற வெள்ளைக் கம்பு ஒன்றைக் கொடுத்தார்கள். அது கதவுக்குப் பின்னால் கிடந்தது. அவன் அதைத் தொடவில்லை. போட்டிக்குப் போகச் சொன்னவள் அவள்தான் என்ற பேச்சு அதற்குள் தெருவில் பரவிவிட்டது. அதைவிட அதிகமாக அவள் மனசுக்குள் பரவியது. ஒருநாள் அவனுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்பை வைத்துவிட்டுக் கேட்டாள். "நான் சொன்னதாலதான் குட்ச்சியா?"

"இல்ல. பெங்களூருலயே கைக்குன்னு கொஞ்சம் ஊத்திக்குவேன். உனுக்குத் தெரியாது."

நெசமாகச் சொன்னானோ, அவளுக்காகச் சொன்னானோ. கண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அந்தக் கண்ணில் இப்போது எதுவும் எழுதியிருக்கவில்லை.

சிவசங்கர் அடிக்கடி வந்து உட்கார்ந்துவிட்டுப் போவான். தை மாதம் அவன் ஒரு சேதியோடு வந்தான். கோயம்புத்தூரில் ஒருவர் இப்படிக் கையால் செய்த கோல்களைச் சேர்க்கிறாராம். கண்ணாடிக்குள் விளக்குப் போட்டு வரிசையாக நிறுத்தியிருக்கிறாராம். கருங்காலியில் அ போட்ட கோலைப் போட்டோவில் பார்த்ததும் கேட்ட விலையைக் கொடுக்கிறேன் என்றாராம்.

"ஒரு பந்தகூடத் தொடாததுன்னு சொன்னேன் மார்க்கரண்ணே. அதான் பெருசுன்னாரு. குங்குமக் கற இருந்தாக்கூட பரவால்லன்னாரு."

"அவரு ஆடுவாரா?" என்று கேட்டான் அறிவுச்செல்வன்.

"ஆட மாட்டாருண்ணே. பத்ரமா வச்சிருப்பாரு."

கொடுத்துவிடலாம் என்றுதான் தங்கமணிக்கு இருந்தது. பணத்துக்கும் ஆகும். அந்த ஆணியைப் பார்க்காமலும் இருக்கலாம். எடுத்துக்கொண்டு வா என்று அவன் சொன்னதும், கடைசியாக ஒருதரம் தொட்டுவிட்டுக் கொடுக்கப்போகிறான் என்று உறையை இறக்கி அவன் மடியில் வைத்தாள்.

அவன் திருகிச் சேர்த்தான். கறுப்புத் துண்டின் மேல் கட்டைவிரலை மேலும் கீழுமாக ஓட்டினான். எதையோ தேடினான். "அந்த அ எங்க இருக்குது?" என்றான். செய்தவன் அத்தனை வழவழப்பாகப் பதித்திருந்தான், விரலுக்கு மரமும் எழுத்தும் ஒன்றாகவே இருந்தது. தங்கமணி அவன் விரலைப் பிடித்து எழுத்தின் மேல் வைத்தாள். அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தான். பிறகு பிளேடு கேட்டான்.

எதற்கு என்று தெரியாமலே எடுத்துக் கொடுத்தாள். கோலைத் தொடைக்கு நடுவில் நிறுத்தி, நுனியைத் தடவிப் பார்த்து, தோலுக்கும் வெள்ளை மரத்துக்கும் நடுவில் பிளேடை வைத்து அறுத்தான். ஆயிரம் கோலுக்குச் செய்த வேலை. நடுங்குகிற கையே செய்தது. ஆடுவதற்கு முன் தடவுகிற சுண்ணாம்புத்தூள்கூடப் படாத புதுத்தோல் பாயில் உருண்டது. சிவசங்கர் எழுந்து நின்றுவிட்டான். தங்கமணி கோலைப் பிடித்துக்கொண்டாள்.

"வாணாம்யா. அத அப்டியே வச்சிடு. நடக்கறதுக்குத்தான் வெள்ளக் கம்பு இருக்குதே."

ஆடு ஆடு என்று சொன்ன அதே வாய்தான். அவளுக்கே அது கேட்டது.

"அது எவன் கைக்கோ செஞ்சது" என்றான் அவன். "தோலு இருந்தா சத்தம் வராது. இப்ப வரும் பாரு." கோலை எடுத்துத் தரையில் தட்டினான். சிமெண்டுத் தரை டக் என்றது. நிலைப்படியில் வேறு சத்தம், தகரக் கதவில் வேறு சத்தம். வந்த லட்சுமியைப் பிளேடால் அறுத்துப் போட்டான் என்று தெரு இன்றைக்கும் சொல்கிறது. சொல்லட்டும். அவன் கண்ணாடிக்குள் நிறுத்தி வைக்கவா கேட்டான்? அவனே கண்ணாடிக்குள் கிடந்தவன்.

அன்றிலிருந்து நடக்கப் பழகினான். முதலில் குழாயடி வரைக்கும், பிறகு ரேஷன் கடை வரைக்கும். தெருவில் எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி நின்று பார்ப்பார்கள். ஆயம்மாள் அழுதாள். கருங்காலிக் கட்டையைத் தரையில் குத்தி நடக்கிற பாவத்தை எங்கே போய்த் தொலைப்பது என்று புலம்பினாள். வெள்ளை மரத்தின் நுனி தேய்ந்து பிசிறு பிசிறாகக் கிளம்பியது. வெயிலும் மழையும் பட்டுக் கோலில் லேசாக ஒரு வளைவு வந்துவிட்டது. இனி எந்த மேசைக்கும் அது ஆகாது. தங்கமணி முதல் சில நாள் பின்னாலேயே போனாள். அவள் காலடி கேட்டு அவன் நின்றுவிடுவான், அவள் திரும்புகிற வரைக்கும் நகர மாட்டான். அதனால் போவதை நிறுத்திக்கொண்டாள்.

அந்த நாளும் மற்ற நாள் மாதிரியேதான் விடிந்தது. சந்தியா பள்ளிக்கூடம் போயிருந்தாள். அறிவுச்செல்வன் வெள்ளைச் சட்டையைக் கேட்டான். எங்கே என்று கேட்டதற்கு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்றான். அதற்கு முன்னால் அவன் அவ்வளவு தூரம் போனதில்லை. பெங்களூருக்கு வருகிறேன் என்று பாவாடையோடு போனில் பேசியது எதையும் சொல்லவில்லை. அவள் பொத்தான் போட்டுவிட வந்தாள். அவனே போட்டுக்கொண்டான், கை நடுங்க நடுங்க, ஒவ்வொன்றாக.

"கூட வரட்டா?"

"நீ வந்தா உன் கையதான் புடிப்பேன். அப்புறம் இது எதுக்கு?"

அவள் சோற்றை ஒரு டப்பாவில் கட்டிப் பையில் போட்டுக் கொடுத்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறவனுக்குச் சோறு எதற்கு என்று அவளும் யோசிக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. வாங்கி இடது தோளில் மாட்டிக்கொண்டான். நிலைப்படியை ஒருதரம் தட்டிப் பார்த்தான், குனிந்தான், வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கினான்.